விம்பத்தில் உள்ள குறை யாருடையது? தொலைகாட்டியையும் பார்வைத்துண்டையும் சோதிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவரப்படும் தொலைகாட்டிகளிற் பெரும்பாலானவை, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினரின் பயணப்பொதிக்குள் உடுப்புகளுக்கு நடுவே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவை. கொண்டுவருபவர்களின் முறைப்பாடும் ஏறத்தாழ ஒன்றேதான். நடுவில் புள்ளியாகத் தெரியும் வெள்ளிக்கு (நட்சத்திரத்துக்கு) ஓரத்தில் வால் முளைக்கிறது, அல்லது சந்திரன் ஓரத்தில் முட்டையாகிறது, அல்லது தொலைபேசிக் கோபுரம் வில்லாக வளைகிறது. "வில்லை பழுதோ?" என்று உடனே கேட்கிறார்கள். மறுமொழி சொல்லுமுன், குறை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பொருளியில் (குழாயின் முன்புற வில்லையில்) அல்லது பிரதான ஆடியில் இருக்கலாம்; கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் இருக்கலாம்; பார்ப்பவரின் கண்ணில் இருக்கலாம்; இடையில் நிற்கும் காற்றிலும் இருக்கலாம். இந்த நான்கையும் பிரித்தறியாமல் புதிய பார்வைத்துண்டு வாங்குபவர், பல வேளைகளில், பழைய குறையையே கூடிய விலைக்கு மறுபடியும் வாங்குகிறார்.

சொற்களைத் தெளிவாக்கிக் கொள்ளுதல்

ஜேர்மனியரான லுட்விக் சைடல் 1857 இல் ஒளியியற் பிறழ்ச்சிகளை ஐந்தாக வகுத்தார். கோளப் பிறழ்ச்சி, கோமா, அஸ்டிக்மாட்டிசம், புல வளைவு, திரிபு என்பன அவை. நிறங்கள் பிரிவதால் வரும் நிறப் பிறழ்ச்சி இவற்றுக்குப் புறம்பானது. முதல் மூன்றும் புள்ளியைப் புள்ளியாக இருக்க விடாமல் கலங்கச் செய்கின்றன. புல வளைவு இருந்தால் நடுவும் ஓரமும் ஒரே வேளையில் குவியத்துக்கு வருவதில்லை. ஐந்தாவதான திரிபின் இயல்பு வேறு. அது எந்தப் புள்ளியையும் மங்கச் செய்வதில்லை. புள்ளி நிற்க வேண்டிய இடத்தை மட்டும் மாற்றிவிடுகிறது. ஆகவே ஓரம் மங்கலாக இருக்கிறது என்று சொல்பவரின் குறை திரிபு அன்று. ஓரம் தெளிவாக இருக்கிறது, ஆனால் நேர்கோடு வளைகிறது என்று சொல்பவரின் குறையே திரிபு.

திரிபு இரு வகையில் வரும். ஒரு சதுரத்தின் பக்கங்கள் வெளிப்புறமாகப் பிதுங்கினால் அது பீப்பாய்த் திரிபு. நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டிய துணிப்பந்தலைப் போலப் பக்கங்கள் உள்வாங்கினால் அது ஊசிமெத்தைத் திரிபு. வானம் பார்ப்பதற்கான பார்வைத்துண்டுகளில் நீங்கள் பெரும்பாலும் காணப்போவது இரண்டாவது வகையே.

சோதனைக்கு முன்

மின்விசிறி ஓடும் அறையிலிருந்து தொலைகாட்டியை எடுத்து வந்தவுடன் சோதிக்க வேண்டாம். எமது இரவு குளிரானதல்ல என்றாலும், ஓட்டுக் கூரையின் கீழ் பகல் முழுவதும் சூடேறிய ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்க நேரம் எடுக்கும். 114 மில்லிமீற்றர் ஆடிக்கு அரை மணித்தியாலமும், 200 மில்லிமீற்றர் ஆடிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் கொடுங்கள். சீமெந்து மொட்டைமாடி நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருப்பதால், விம்பம் கொதிக்கும் நீரின் அடியில் கிடப்பதுபோல் ஆடும். மணல் அல்லது புல் உள்ள முற்றம் அதைவிட நல்லது. சோளகம் பலமாக வீசும் மாதங்களில் குழாய் அதிர்வதையும் விம்பம் கலங்குவதையும் புதியவர் வேறுபடுத்தி அறிவது கடினம். அப்படியான இரவுகளில் சோதனையைத் தள்ளிப்போடுவதே நல்லது. யன்னற் கண்ணாடியூடாகச் சோதிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பகற் சோதனை: நேர்கோடு

இச்சோதனை பகலில் செய்யப்படுவதால் ஓர் எச்சரிக்கை முதலில் வருகிறது. சூரியன் நிற்கும் திசைக்கு எதிர்த்திசையில் மட்டுமே தொலைகாட்டியைத் திருப்புங்கள், பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். பழைய சிறு தொலைகாட்டிகளுடன், பார்வைத்துண்டில் திருகிப் பூட்டும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஒன்றும் வருவதுண்டு. குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக்கூடியது, அதை எறிந்துவிட வேண்டும். 2010 ஜனவரி 15 ஆம் திகதியும் 2019 டிசம்பர் 26 ஆம் திகதியும் யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த காலங்களில் இதைப் பலருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்கோட்டுக்குப் பனைமரத்தைத் தெரிவு செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் தூரத்தில் நேராகத் தெரியும் பனை, நாற்பது மடங்கு பெருக்கத்தில் நேராக இருப்பதில்லை. தென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனிதர் கட்டிய ஒன்றையே தேடுங்கள். தொலைபேசிக் கோபுரத்தின் கால், மாடிவீட்டின் சுவர் விளிம்பு, நீர்த்தாங்கியின் தூண் போன்றவை போதும். நல்லூர்க் கோயில் வெளிமதிலில் உள்ளதைப் போன்ற சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் கோடு வளைவதையும் பட்டையின் அகலம் மாறுவதையும் அவற்றில் ஒருங்கே பார்க்கலாம். அயலவரின் யன்னலையோ பாதுகாப்பு நிலைகளையோ நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பாதிருப்பது உங்கள் நிம்மதிக்கும் நல்லது.

இலக்கைப் புலத்தின் நடுவில் நிறுத்திக் குவியப்படுத்துங்கள். பிறகு தொலைகாட்டியை மெதுவாக நகர்த்தி, அதே கோட்டை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் கொண்டு செல்லுங்கள். கோட்டின் நடுப்பகுதி புலத்தின் நடுவை நோக்கி உள்வாங்கினால் ஊசிமெத்தைத் திரிபு, வெளியே பிதுங்கினால் பீப்பாய்த் திரிபு. அடுத்து அதே தொலைகாட்டியில் வேறொரு பார்வைத்துண்டை இட்டுத் திரும்பப் பாருங்கள். வளைவின் அளவு மாறினால் அதன் உரிமையாளர் பார்வைத்துண்டுதான். நான் பார்த்தவரையில் இது எப்போதும் மாறுகிறது. சாதாரண தொலைகாட்டியின் பொருளியோ ஆடியோ, பார்வைத்துண்டு வழியே தெரியும் அந்தச் சிறிய புலத்துக்குள், கண்ணுக்குப் புலப்படும் திரிபை ஏற்படுத்துவதில்லை.

திரிபை ஏன் முற்றாக நீக்க முடியாது?

இந்த இடத்தில் சற்று நின்று போக வேண்டும், ஏனெனில் விலை கூடிய பார்வைத்துண்டிலும் கோடு வளைவதைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர்.

பார்வைத்துண்டு, தன் முன்னால் உள்ள சிறிய விம்பத்தில் அச்சிலிருந்து ஒரு குறித்த தூரத்தில் உள்ள புள்ளியை, கண்ணுக்கு ஒரு குறித்த கோணத்தில் காட்டுகிறது. நேர்கோடு நேராகவே தெரிய வேண்டுமானால், அந்தத் தூரம் கோணத்தின் தாஞ்சனுக்கு (tan) விகிதசமமாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் அதே கோணப் பெருக்கம் ஓரத்திலும் வேண்டுமானால், தூரம் கோணத்துக்கே விகிதசமமாக இருக்க வேண்டும். சிறிய கோணங்களில் இரண்டும் ஒன்றுதான். கோணம் வளர வளர அவை பிரிகின்றன. 50 பாகைத் தோற்றப் புலம் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம்) கொண்ட பார்வைத்துண்டின் விளிம்பு அச்சிலிருந்து 25 பாகையில் இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 7 சதவீதம். 82 பாகைப் புலத்தின் விளிம்பில் அது சுமார் 21 சதவீதம், 100 பாகைப் புலத்தில் சுமார் 37 சதவீதம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இரண்டையும் ஒருங்கே பெற முடியாது. வடிவமைப்பாளர் ஒன்றைத் தெரிந்து மற்றதை விட்டுக்கொடுக்கிறார், அல்லது இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறார்.

வானத்தில் நேர்கோடுகள் இல்லாததால், வானியலுக்கான அகன்ற புலப் பார்வைத்துண்டுகள் பெரும்பாலும் கோணப் பெருக்கத்தைக் காப்பாற்றி, நேர்கோட்டை வளைய விடுகின்றன. 1880 இல் எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த ஓர்தொஸ்கொபிக் பார்வைத்துண்டு, அளவெடுக்கும் வேலையை மனத்திற் கொண்டு திரிபைக் குறைத்துக் கட்டப்பட்டது, அதன் பெயரே நேராகக் காட்டுவது என்ற பொருளைத் தருகிறது. அதன் புலம் குறுகியது என்பதை மறந்துவிடக் கூடாது. பறவை பார்க்கும் இருகண் நோக்கிகளில் சிறிதளவு ஊசிமெத்தைத் திரிபு வேண்டுமென்றே விடப்படுவதுண்டு. அது முற்றாக நீக்கப்பட்டால், நோக்கியைப் பக்கவாட்டில் அசைக்கும்போது காட்சி முழுவதும் ஓர் உருண்டையின் மேல் ஒட்டப்பட்டு உருள்வதுபோல் தோன்றிச் சிலருக்குத் தலைசுற்றும்.

உங்கள் பார்வைத்துண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சந்திரன் காட்டித் தரும். அரை அல்லது முழுச் சந்திரனை நடுவில் பார்த்துவிட்டு, முழு வட்டும் புலத்துக்குள் இருக்கும்படி ஓரத்துக்கு நகர்த்துங்கள். நேர்கோட்டைக் காக்கும் 82 பாகைப் பார்வைத்துண்டொன்றில், விளிம்புக்கு அருகே, சந்திரன் ஆரைத் திசையில் முக்காற் பங்காக அமுங்கித் தட்டையாகத் தெரியும். கோணத்தைக் காக்கும் பார்வைத்துண்டில் அது ஏறத்தாழ வட்டமாகவே இருக்கும். ஆகவே ஒருவர் சந்திரன் முட்டையாகிறது என்றும் மற்றவர் கோபுரம் வளைகிறது என்றும் சொன்னால், இருவரிடமும் இருப்பது நல்ல பார்வைத்துண்டாகவே இருக்கலாம்.

இதையே எண்ணாக அறிய விரும்புபவர், ஓரியனின் இடைப்பட்டியில் உள்ள மூன்று வெள்ளிகளில் முதலில் உதிப்பதைத் தெரிவு செய்து, தொலைகாட்டியை அசையாமல் நிறுத்தி, அது புலத்தின் நடுவூடாக ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போக எடுக்கும் நேரத்தை அளக்கலாம். அந்த வெள்ளி வானநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் 4 நிமிடத்தில் 1 பாகை நகர்கிறது. 1000 மில்லிமீற்றர் குவியத்தூரத் தொலைகாட்டியில் 25 மில்லிமீற்றர், 50 பாகைப் பார்வைத்துண்டு என்றால், கோணத்தைக் காக்கும் வகைக்கு 5 நிமிடமும், நேர்கோட்டைக் காக்கும் வகைக்கு 5 நிமிடம் 20 விநாடியும் வர வேண்டும். இரண்டுக்கும் வெகுதூரத்தில் ஒரு விடை வந்தால், பெட்டியில் எழுதியிருக்கும் புல அளவை நம்பாதீர்கள்.

இரவுச் சோதனை: எந்த வெள்ளி?

வெளிநாட்டு வழிகாட்டிகள் துருவ வெள்ளியை வைத்துச் சோதிக்கச் சொல்கின்றன, ஏனெனில் அது அசையாமல் நிற்கிறது. அந்த ஆலோசனை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. நாம் 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், துருவ வெள்ளி, கையை நீட்டிப் பிடித்த முட்டியின் உயரத்தில், பனை வட்டுக்குள் மறைந்து நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைவிட ஐந்து மடங்குக்கும் கூடிய காற்றைக் கடந்தே வருகிறது. காற்று அதைச் சிறிய நிறமாலையாகவும் இழுத்துவிடுவதால், வெள்ளியின் மேற்பக்கம் நீலமாகவும் கீழ்ப்பக்கம் சிவப்பாகவும் தெரியும். தலைகீழாகக் காட்டும் தொலைகாட்டியில் அது மாறித் தெரியும். இதைப் பார்வைத்துண்டின் நிறப் பிறழ்ச்சி என்று எண்ணி ஏமாறுவது எளிது.

எமக்கு வாய்த்த நன்மை வேறு. பிரகாசமான வெள்ளிகள் சில எமது உச்சிக்கு மிக அருகே கடக்கின்றன. தை, மாசி மாலைகளில் திருவாதிரை, சித்திரை மாதத்தில் மகம், ஆவணி கடைசியிலும் புரட்டாதியிலும் திருவோணம் என்பன உச்சியிலிருந்து மூன்று பாகைக்குள் வருகின்றன. திருவாதிரை செந்நிறமானது, ஆகவே நிறப் பிறழ்ச்சியைச் சோதிக்க வெண்மையான திருவோணமே ஏற்றது. ஆனி மாதத்தில் சுவாதியைக் கொள்ளலாம். சரியாக உச்சியில் நிற்கும்போது சாதாரண தாங்கியில் தொலைகாட்டியைத் திருப்புவது பெரும்பாடு என்பதால், 60 முதல் 70 பாகை உயரத்தில் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியை நடுவில் குவியப்படுத்துங்கள். நடுவிலேயே அது கோடாகவோ சிலுவையாகவோ தெரிந்தால், மூன்று விடயங்களை ஒழுங்காகச் சுழற்றிப் பாருங்கள். முதலில் உங்கள் தலையைச் சாயுங்கள். கோடும் சேர்ந்து சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில் உள்ளது. மூக்குக்கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதப்படும் அஸ்டிக்மாட்டிசம் அதுவே. பார்வைத்துண்டின் குவியத்தூரத்தைத் தொலைகாட்டியின் குவிய விகிதத்தால் (அதன் குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணால்) வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். அது 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் கண்ணின் குறை நன்றாகத் தெரியும், 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே குறைந்த பெருக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். தலையைச் சாய்த்தும் கோடு அசையாவிட்டால், அடுத்துப் பார்வைத்துண்டை அதன் குழாய்க்குள்ளேயே சுழற்றுங்கள், கோடும் சுழன்றால் குறை அதனுடையது. வில்லைத் தொலைகாட்டியில் ஒளியை மடக்கும் மூலைக்கண்ணாடி இருந்தால் அதையும் சுழற்றிப் பாருங்கள். எதற்கும் அசையாமல் நிற்கும் குறையே தொலைகாட்டியின் குறை.

இனி வெள்ளியை ஓரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். புலத்தைச் சுற்றி எல்லாப் பக்கத்திலும், நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் வால் போலத் தெரிந்தால் அது கோமா. பரவளைவு ஆடி கொண்ட நியூட்டன் வகைத் தொலைகாட்டியில் இது பிறவிக் குணம், பழுது அல்ல. கோமா கண்ணில் உறுத்தாத நடுப்பகுதியின் அகலம் குவிய விகிதத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே விகிதம் 8 உள்ள தொலைகாட்டியில் இருக்கும் அந்தப் பகுதி, விகிதம் 4 உள்ளதில் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஓரத்து வெள்ளி வாலாக இல்லாமல் குறுகிய கோடாகவோ கடற்பறவை சிறகு விரித்ததுபோலவோ தெரிந்தால், அது பார்வைத்துண்டின் அஸ்டிக்மாட்டிசமாக இருக்கக் கூடும். குவியத்தைச் சற்று உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும்போது கோட்டின் திசை செங்குத்தாக மாறினால் ஐயம் தீரும். ஓரத்துக்காகக் குவியத்தைத் திருத்தும்போது வெள்ளி நல்ல புள்ளியாகி, நடு மங்கினால் அது புல வளைவு. இளையவர்களின் கண் இதைத் தானாகவே சரிசெய்துகொள்வதால், நாற்பத்தைந்து வயதைக் கடந்த தகப்பனுக்குத் தெரியும் குறை மகளுக்குத் தெரியாமல் போகலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொன்னாற் போதும். நடுவில் உள்ள பிரகாசமான வெள்ளியைச் சுற்றி ஊதா மூட்டம் தெரிந்தால் அது பொருளியினுடையது. நடுவில் இல்லாமல் ஓரத்தில் மட்டும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகப் பிரிந்தால் அது பார்வைத்துண்டினுடையது.

பணமில்லாமல் திருத்தக்கூடியது: ஆடிகளை நேர்ப்படுத்தல்

நடுவிலேயே வால் தெரிந்தால், பயணப்பொதிக்குள் குலுங்கி வந்த நியூட்டன் தொலைகாட்டியில், ஆடிகள் விலகியிருப்பதே காரணம். பழைய பிலிம் குப்பி ஒன்றின் மூடியின் நடுவில் 2 மில்லிமீற்றர் துளையிட்டு, அடியை வெட்டிவிட்டால், அது பார்வைத்துண்டின் இடத்தில் அளவாகப் பொருந்தும். அதனூடே பார்த்து, முதலில் சிறிய ஆடியின் திருகுகளைத் திருகிப் பிரதான ஆடி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் கவ்விகள் உட்பட, நடுவில் தெரியச் செய்யுங்கள். அதன் பின்னரே பிரதான ஆடியின் பின்புறத் திருகுகளைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, துளையின் தெறிப்பு ஆடியின் நடுக்குறியில் விழச் செய்யுங்கள். இவ்வேலையின்போது குழாயைக் கிடையாக வைத்திருப்பது அவசியம். நிமிர்த்தி வைத்துத் திருகாணியைத் தவறவிட்டு ஆடியில் வடு விழச் செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இறுதியாக, தொலைகாட்டியின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ ஏறத்தாழ அத்தனை மடங்கு பெருக்கத்தில் வெள்ளியைப் பார்த்துக் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி நின்றால் வேலை முடிந்தது. அவை முக்கோணமாகத் தெரிந்தால் கவ்விகள் ஆடியை நெரிக்கின்றன, ஒரு தாள் நுழையும் அளவுக்கு அவற்றைத் தளர்த்துங்கள்.

1000 மில்லிமீற்றர் குவியத்தூரம் என்று எழுதப்பட்டிருக்க, நியூட்டன் வகைத் தொலைகாட்டியின் குழாய் அரை மீற்றர்தான் நீளமாக இருந்தால், குவியப்படுத்தும் பகுதிக்குள் ஒரு வில்லை ஒளிந்திருக்கிறது. அத்தகைய தொலைகாட்டியை மேற்சொன்ன முறையில் நேர்ப்படுத்துவது புதியவருக்கு இயலாத வேலை, நல்ல விம்பத்தையும் அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

வாங்குவதானால்

சோதனையில் குறை பார்வைத்துண்டினுடையது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள். விலை மலிந்த தொலைகாட்டிகளுடன் வரும், "எச்" என்று குறியிட்ட ஹைகன்ஸ் வகையை மாற்றுவதே பெரும் முன்னேற்றம். குவிய விகிதம் 8 அல்லது அதற்கு மேல் உள்ள தொலைகாட்டிக்குச் சாதாரண பிளோசல் வகை போதும். விகிதம் 5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், மலிவான அகன்ற புலப் பார்வைத்துண்டு ஓரத்தில் அஸ்டிக்மாட்டிசத்தையே விற்கும். கோமாதான் தொல்லை என்றால் எந்தப் பார்வைத்துண்டும் அதைத் தீர்க்காது; கோமாத் திருத்தி வில்லை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதன் விலை சிறிய தொலைகாட்டியின் விலையைத் தாண்டும். என் கருத்தில் விகிதம் 5 வரை அதை வாங்காமலே இருக்கலாம், பார்க்க விரும்புவதை நடுவில் வைத்துப் பார்த்தாற் போதும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி அனுப்பும்போது மூன்று அளவுகளைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். அவை தொலைகாட்டியின் குவிய விகிதம், வேண்டிய குவியத்தூரம், பார்வைத்துண்டு நுழையும் குழாயின் விட்டம் என்பன. அந்த விட்டம் இப்போது பெரும்பாலும் 1.25 அங்குலம், அதாவது 31.75 மில்லிமீற்றர். பழைய சிறு தொலைகாட்டிகளில் அது 24.5 மில்லிமீற்றராக இருப்பதால், அடிமட்டத்தால் ஒருமுறை அளந்து பார்த்த பிறகே எழுதுங்கள்.